எஸ்விஎன்: டெலீட்டுக்குக் குறித்த ஃபோல்டரில் ஒரு பகுதியை மட்டும் மீட்பது எப்படி?

நண்பர்களே, சப்வெர்ஷன் (சுருக்கமாக எஸ்விஎன், ஃபைல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள்) நன்றாகத் தெரிந்தவர்கள் கொஞ்சம் உதவுங்கள். பழைய ரிப்போர்ட் ஃபோல்டர் இனி வேண்டாம் என்று டீமில் முடிவாகி எஸ்விஎன் டெலீட் கொடுத்தாயிற்று, இன்னும் கமிட் பண்ணவில்லை (அதாவது மாற்றத்தை ரெபாசிட்டரியில் பதியவில்லை), இப்போது அதற்குள் இருக்கும் டெம்ப்ளேட் ஃபோல்டர் மட்டும் வேண்டும் என்கிறார்கள். ஸ்டேட்டஸ் பார்த்தால் வரிசையாக 'டி' (டெலீட்டுக்குக் குறித்தது) நிற்கிறது. ரிவர்ட் (கமிட் ஆகாத மாற்றத்தை ரத்து செய்யும் கமாண்ட்) கொடுத்தால் திரும்பி வரும், ஃபோல்டர் என்பதால் உள்ளே இருப்பவற்றையும் சேர்த்து மீட்கும் ரிகர்சிவ் ஆப்ஷனும் சேர்க்க வேண்டும், அதுவரை சரி. ஆனால் மேல் ஃபோல்டரே டெலீட்டில் இருக்கும்போது உள்ளே இருப்பதை மட்டும் தனியாக ரிவர்ட் செய்ய முடியுமா, இல்லை முழுவதையும் மீட்டுவிட்டு வேண்டாததை மறுபடி டெலீட் செய்வதுதான் வழியா? டிரங்க்கின் (புராஜெக்ட்டின் முதன்மை ஃபோல்டர்) மேலிருந்து ரிவர்ட் அடிக்கச் சொல்லாதீர்கள். பக்கத்து ஃபோல்டர்களில் கமிட் ஆகாத மாற்றங்கள் நிறைய இருக்கின்றன, அவை போனால் எஸ்விஎன்னில் திரும்ப எடுக்கவே முடியாது. கமாண்ட் லைன் வழி போதும்.