பார்பி படங்கள்: உங்க வீட்ல படம் முதல்ல வந்துச்சா, பொம்மை முதல்ல வந்துச்சா?

தூரிகை:
என் மகளுக்குப் பொம்மை மேல அவ்வளவா ஆசை கிடையாது. 'ரப்புன்செல்' (2002) பார்த்த பிறகுதான் தொத்திக்கிச்சு. அதுல ரப்புன்செல் கோபுரத்துச் சுவர்ல ஒரு ஊரை வரைவா, வரைஞ்ச ஊருக்குள்ளேயே நடந்து வெளியே போயிடுவா. படம் முடிஞ்சதும் இவ கேட்டது பொம்மை இல்லை, அந்தத் தூரிகை. அப்புறம், தூரிகையைப் பிடிக்க ஒரு ஆள் வேணுமேன்னு பொம்மை. உங்க வீட்டுக் கதையையும் சொல்லுங்க.

சட்டகம்24:
அனிமேஷன் வேலையில இருக்கறவன். எனக்குப் பொம்மையே கிடையாது, படம் மட்டும்தான்.

2001-ல வந்த 'நட்கிராக்கர்'தான் முழுநீளப் படங்கள்ல முதல். செஞ்சது கனடாவில் வான்கூவரில் இருந்த மெயின்ஃபிரேம்ங்கற அனிமேஷன் ஸ்டுடியோ. 1994-ல 'ரீபூட்' தொடரை முழுக்கக் கணினியிலேயே எடுத்தவங்க. 'பீஸ்ட் வார்ஸ்' ரோபோ சண்டையும் அவங்க கைவண்ணம்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு பாலே வேலை! நியூயார்க் சிட்டி பாலே கலைஞர்களை ஆடவிட்டு, அசைவை மோஷன் கேப்சரில் பிடிச்சு பொம்மைக்கு ஏத்தினாங்க. நடன அமைப்பு பீட்டர் மார்ட்டின்ஸ். சைக்காவ்ஸ்கி இசையை வாசிச்சது லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா.

இன்னைக்குப் போட்டுப் பார்த்தா முகம் விறைப்பா இருக்கும், தோல் பளபளன்னு மின்னும், கூந்தல் ஒரே பாளமா அசையும். ஆனா ஆடும்போது பாதத்தை மட்டும் கவனிங்க. குதிச்சு இறங்கறப்போ விரல் நுனி முதல்ல தரையைத் தொடும், அப்புறம்தான் குதிகால். உடம்போட எடை எந்தப் பக்கம் சாயுதுன்னுகூடத் தெரியும். அது கையால் அசைவு கொடுத்தவன் கற்பனை இல்லை, யாரோ ஒரு நடனக்காரி வருஷக்கணக்கா பழகின உடம்பு.

அந்தக் காலத்துல மனுஷத் தோலையும் முடியையும் கணினியில கொண்டுவர்றது பெரும்பாடு. இவங்களுக்கு அந்தத் தலைவலி பாதிதான். பிளாஸ்டிக் மாதிரி இருக்கேன்னு யார் குறை சொல்ல முடியும், அவ பிளாஸ்டிக்தானே!

குரைக்கும்பூனை:
தங்கைக்காகன்னு சொல்லி உட்கார்ந்து, அவ தூங்கினப்புறமும் எழுந்திரிக்காத அண்ணன் நான். 'பிரின்சஸ் அண்ட் த பாப்பர்' (2004), இந்த வரிசையில முதல் பாட்டுப் படம். வில்லன் பிரெமிங்கருக்குக் குரல் மார்ட்டின் ஷார்ட். நாய் மாதிரி குரைக்கற பூனை ஒண்ணு வரும், என் பேர் அதுக்குக் காணிக்கை. கடைசியில ஏழைப் பொண்ணு எரிக்கா, ராஜா கல்யாணத்துக்குக் கேட்டதும் சரின்னு தலையாட்டாம, முதல்ல ஊர் ஊரா போய்ப் பாடிட்டு வர்றேன்னு கிளம்புவா. தங்கை அந்த இடத்தை ரீவைண்டு பண்ணிப் பண்ணிப் பார்ப்பா.

கணக்குப்பிள்ளை:
சந்தோஷத்துல மண்ணள்ளிப் போடறேன்னு நினைக்காதீங்க. படம் காட்டிப் பொம்மை விற்கறது பார்பி பொம்மை செய்யற மாட்டெல் கம்பெனிக்குப் புதுசே இல்லை. 1955-லயே 'மிக்கி மவுஸ் கிளப்' நிகழ்ச்சியில ஒரு வருஷத்துக்கு விளம்பரம் போட 5 லட்சம் டாலர் கொடுத்தாங்க. பார்பி பிறக்கவே அப்புறம் நாலு வருஷம் ஆச்சு. 1969-ல அவங்க பொம்மைக் கார் பேர்லயே 'ஹாட் வீல்ஸ்' கார்ட்டூன் வந்தப்போ, இது நிகழ்ச்சியா விளம்பரமான்னு இன்னொரு பொம்மை கம்பெனி அமெரிக்க ஒளிபரப்பு ஆணையத்துக்கே போச்சு. 1990-ல குழந்தைகள் தொலைக்காட்சிச் சட்டம் வந்து, விளம்பர நேரம் வார இறுதியில மணிக்கு பத்தரை நிமிஷம், மத்த நாள்ல 12 நிமிஷம்னு வரம்பு கட்டினாங்க. அதெல்லாம் டிவிக்கு. கேசட்டும் டிவிடியும் வாங்கி வீட்ல போட்டா எந்த நிமிஷக் கணக்கும் கிடையாது. அதுவும் குழந்தை ஒரு தடவையோட விடுமா?

சட்டகம்24:
கணக்குப்பிள்ளை சொல்றது சரிதான். ஆனா விளம்பரத்துக்கு யாரும் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவைக் கூப்பிட மாட்டாங்க.

எலினாவின்தோழி:
நான் இப்பவும் பொம்மை சேர்க்கறவ. கணக்குப்பிள்ளைக்கு இன்னொரு கணக்கு தர்றேன். ரப்புன்செல் யார் சொத்தும் இல்லை, 'ஸ்வான் லேக்' (2003) கதையும் அப்படித்தான். அந்தப் பேர்ல யார் வேணும்னாலும் பொம்மை செய்யலாம். 2005-ல 'ஃபேரிடோப்பியா' வந்தப்போதான் கதையே அவங்களோடதாச்சு. கதாநாயகி எலினா, அவ உலகம், அங்க இருக்கற தேவதைகள் எல்லாமே சொந்தச் சரக்கு. அடுத்தடுத்த வருஷம் 'மெர்மைடியா', 'மேஜிக் ஆஃப் த ரெயின்போ'ன்னு தொடர்ந்துச்சு. 2001-லேர்ந்து போட்டிக்கு வந்த பிராட்ஸ் பொம்மைகள் நெருக்கிக்கிட்டிருந்த நேரம் வேற. பிராட்ஸ் பெரிய பொண்ணுங்களை இழுத்துச்சு, இந்தப் படங்கள் சின்னதுங்களைப் பிடிச்சு வச்சுக்கிச்சுன்னு எனக்குத் தோணும்.

எலினாவுக்குச் சிறகு கிடையாது, அதுதான் படத்தோட வலியே. கடைசியிலதான் கிடைக்கும். ஆனா கடையில வித்த எலினாவுக்குச் சிறகு இருந்துச்சு! படம் பார்க்கறதுக்கு முன்னாடியே பொம்மையைப் பார்த்துட்டேன், முடிவு தெரிஞ்சுபோச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்தக் கோபம் தீரல.

குரைக்கும்பூனை:
😂 பெட்டியிலேயே கிளைமாக்ஸ்.

தூரிகை:
ஆரம்பப் படங்கள்ல எனக்குப் பிடிச்ச ஒரு சாமர்த்தியம்: பார்பி நேரா 'நட்கிராக்கர்' நாயகி கிளாராவா வரமாட்டா. அவளோட தங்கை, சின்னப்பொண்ணு கெல்லிக்கு ஏதாவது சங்கடம், ஆட வரல, வரைய வரல, வீட்டு ஞாபகம். அவளை உட்காரவச்சு பார்பி கதை சொல்லுவா, கதைக்குள்ள இவளே கதாநாயகி. அதனால எந்த வேஷமும் பொருந்திடும், அடுத்த படத்துல பழைய வேஷம் ஒட்டாது.

நான் படத்தைப் பார்த்ததைவிடப் பக்கத்து அறையிலிருந்து கேட்டதுதான் அதிகம். பார்பிக்குக் குரல் கொடுத்த கெல்லி ஷெரிடன் குரல் மனப்பாடம். 2010-ல 'ஃபேஷன் ஃபேரிடேல்' ஓடறப்போ யாரோ புதுசா பேசற மாதிரி இருந்துச்சு. டயானா கரீனான்னு அப்புறம் தெரிஞ்சது (ஷெரிடன் பின்னாடி திரும்பி வந்து 2015 வரைக்கும் பேசினாங்க). அந்தப் படத்துல பார்பி எந்த இளவரசியும் இல்லை, பார்பியாவே வர்ற சினிமா நடிகை. என்னடி குரல் மாறியிருக்கேன்னு மகள்கிட்ட கேட்டேன்.

"இதுல அவ நடிக்கலம்மா. இதுதான் அவ சொந்தக் குரல்"ன்னா.