புதுப்பிப்பு: 4 வயது, 7 வயதுப் பிள்ளைகளோடு அங்கோர் வாட் போய் வந்தோம்

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: இரண்டு வாண்டுகளை வைத்துக்கொண்டு கம்போடியாவில் கோயில் கோயிலாகச் சுற்ற முடியுமா என்று. முடிந்தது, கொஞ்சம் அடிபட்டு.

முதலில் டிக்கெட். 12 வயதுக்குக் கீழ் இலவசம், ஆனால் வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். எங்களுக்கு 3 நாள் பாஸ், ஆளுக்கு 62 டாலர். 10 நாளுக்குள் எந்த 3 நாளிலும் போகலாம் என்பதால் நடுவில் ஒரு நாள் நீச்சல் குளத்துக்கே விட்டுவிட்டோம்.

நான் சொதப்பியது குழந்தைத் தள்ளுவண்டியைக் கொண்டுபோனதில். எங்கு பார்த்தாலும் படி, உயரமான நிலைவாசல். சின்னவனை இடுப்பில்தான் சுமந்தேன். அப்புறம், அங்கோர் வாட்டின் உச்சி அடுக்குக்கு 12 வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை. கணவர் ஏறி இறங்கும்வரை பிள்ளைகளோடு நான் கீழே, பிறகு நான் ஏறினேன்.

ஆனால் பாற்கடல் கடையும் சிற்பச் சுவர் இருக்கிறதே! பாட்டி சொன்ன கதை என்பதால் பெரியவளுக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வாசுகியின் தலையிலிருந்து வால்வரை கூடவே நடந்தாள். வால் பிடித்திருக்கும் குரங்கைப் பார்த்ததும், "அம்மா, இவர் எப்போ வந்தார்?" என்றாள். பதில் தெரியாமல் முழித்தேன். மேற்கு வாசலில் காவித்துணி போர்த்திய எட்டுக் கை விஷ்ணுவுக்கு உள்ளூர்க்காரர்கள் ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சின்னவன் தானாகவே கைகூப்பினான்.

தா ப்ரோம் கோயிலில் மர வேர்களைப் பார்த்ததோடு சரி, பாயோன் கோயிலுக்குள் நுழையும்போதே இருவரும் தூங்கிவிட்டார்கள்.