அப்பாவின் சீ.டி.100: பெயின்ற் போகாமல் பழைய ஸ்டிக்கரையும் பசையையும் எடுப்பது எப்படி?

உப்புவெளியான்:
அப்பாவின் சிவப்பு பஜாஜ் சீ.டி.100 மோட்டார் சைக்கிள், அவர் போனபிறகு இரண்டு வருடமாகக் கொட்டிலுக்குள் கிடந்தது. தம்பிக்குக் கிண்ணியாவில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் முதல் அவன்தான் ஓடப்போகிறான். எஞ்சின் வேலை முடிந்துவிட்டது. கரைச்சல் ஸ்டிக்கரில்தான். டாங்கியின் இரண்டு பக்கமும், சைட் கவரிலும், பின் மட்கார்ட்டிலும் ஒட்டாத இடமில்லை. பாதி நான் சின்ன வயதில் ஒட்டியவை, பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் ஸ்டிக்கர்கள். அப்பா ஒருநாளும் ஏசியதில்லை.

நகத்தால் கிளப்பினால் சருகு மாதிரி உடைகிறது. கழன்ற இடத்தில் மஞ்சள் பசை, அதில் தூசி ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. நேற்று ஒரு மூலையைப் பிளேட்டால் சுரண்டினேன், இரும்பு தெரிகிற அளவுக்குக் கீறிவிட்டது. ஒரு கடையில் தின்னரால் துடைக்கச் சொன்னார்கள். சைட் கவரின் உட்பக்கத்தில் ஒரு துளி வைத்துப் பார்த்தேன், பிளாஸ்டிக் வெளிறிப் பிசுபிசுத்துப் போனது.

புதுப் பெயின்ற் அடிக்க மனமில்லை. அப்பா ஒவ்வொரு ஞாயிறும் துடைத்து வைத்திருந்த சிவப்பு அது. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிண்ணியா மெக்கானிக்:
தம்பி, பிளேட்டையும் தின்னரையும் இன்றோடு விடுங்கள். தின்னர் பெயின்ற்றின் மினுக்கத்தையும் சேர்த்து எடுத்துவிடும். பிளாஸ்டிக்குக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம்.

முதலில் கம்பனி எழுத்துகளின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். விளிம்பு தட்டுப்பட்டால் அது மேலே ஒட்டியது. வழுவழுவென்று இருந்தால் மேலே கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, அடித்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள்.

மற்றவைக்குச் சூடுதான் மருந்து. டாங்கியைக் கழற்றி, பெற்றோலை வடித்து, மூடியை இறுக்கி வெளியில் வையுங்கள். இப்போது கச்சான் காற்று சூடாக அடிக்கிற காலம், மத்தியான வெயிலில் அரை மணித்தியாலம் போதும், பசை இளகிவிடும். சைட் கவருக்கு ஹெயார் டிரையர் பிடிக்கலாம், ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். டாங்கிக்குக் கிட்ட மட்டும் அதைப் பிடிக்க வேண்டாம், பெற்றோல் ஆவி உள்ளே இருக்கும். பிறகு பழைய பேங்க் கார்டால் மூலையைக் கிளப்பி, ஸ்டிக்கரை மேலே தூக்காமல் பின்பக்கமாக மடித்து மெதுவாக இழுங்கள்.

மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெய். டாங்கியை நிழலில் ஆறவிட்டு, பனியன் துணியில் நனைத்து ஐந்து நிமிடம் போர்த்தி வையுங்கள். பெருவிரலால் உருட்டினால் திரண்டு வரும். முதலில் சீட்டுக்குக் கீழே மறைவான இடத்தில் பரீட்சித்துப் பாருங்கள். கிட்ட நெருப்பு வேண்டாம். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

நிலாவெளி ஸ்கூட்டி அக்கா:
பிளாஸ்டிக்குக்கு நான் தேங்காயெண்ணெய்தான் பாவித்தேன் தம்பி. இரவு தடவி விட்டேன், காலையில் துணியால் தேய்க்கப் பசை எல்லாம் வந்துவிட்டது. ஆறுதலாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது.

உப்புவெளியான்:
அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிறு முழுக்க இதுதான் வேலை. டாங்கி ஸ்டிக்கர் இரண்டு முழுசாகவே உரிந்து வந்தன, எனக்கே நம்ப முடியவில்லை. சைட் கவருக்கு எண்ணெய் இரண்டு இரவு வைக்க வேண்டியிருந்தது. இப்போது டாங்கியில் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் கடும் சிவப்பாகத் தெரிகிறது. அதை எடுக்கலாமா?

கிண்ணியா மெக்கானிக்:
அதுதான் கடையில் எடுத்தபோது இருந்த நிறம். சுற்றியுள்ளது வெயிலில் வெளிறிவிட்டது. பெயின்ற்றை மினுக்கும் ரப்பிங் கொம்பவுண்டைச் சுற்றியுள்ள இடத்தில் லேசாகத் தேய்த்து மெழுகு பூசினால் வித்தியாசம் குறையும், முழுதாகப் போகாது. விளிம்புகளில் பெயின்ற் மெல்லியது, அங்கே அழுத்த வேண்டாம். பிளேட் கீறலை விட்டுவிடாதீர்கள். உப்புக் காற்றுக்கு அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். ஐப்பசி மழைக்கு முன் அதே நிறத்தில் ஒரு தொட்டுப் பூசல் போடுங்கள்.

உப்புவெளியான்:
கீறலுக்கு இன்று பூசிவிட்டேன். ஸ்டிக்கர் இருந்த தடத்தைப் போக்கத் தேய்க்கவில்லை, தம்பி வேண்டாம் என்றான். பின் மட்கார்ட்டில் ஒரு கிரிக்கெட் ஸ்டிக்கரையும் விட்டிருக்கிறேன்.