எச்சிங் முகப்படத்தில கண்குழி கறுப்பாய் விழுதில்லை, உதவுங்கோ

கிளிநொச்சிக்காரி:
அம்மம்மான்ர முகத்தை நாகத்தகட்டில (துத்தநாகம்) எச்சிங் செய்யிறன், அதாவது மெழுகு பூசின தகட்டில கீறி, கோட்டை அரிக்கவிட்டு, மை பூசி அச்செடுக்கிறது. அரிக்கிறதுக்கு மயில்துத்தமும் உப்பும் கரைச்ச தண்ணி. நெற்றிச் சுருக்கமும் தோடும் வடிவாய் வந்திருக்கு. கண்குழிதான் கரைச்சல். ஆகக் கறுப்பு அதிலதான் வேணுமெண்டு கோடுகளை நெருக்கிக் கீறி, கனநேரம் தண்ணிக்குள்ள விட்டனான். அச்செடுத்தால் ஓரம் கறுப்பு, நடு சாம்பல். கன்னத்து மெல்லிய கோடுகளும் விட்டுவிட்டுத்தான் விழுது. பிரஸ்ஸை இன்னும் இறுக்கவோ?

மாங்குளத்தான்:
இறுக்காதேங்கோ. தகட்டை வெளிச்சத்துக்குச் சாய்ச்சுப் பாருங்கோ. கண்குழிக்குள்ள கோடு தெரியுதோ, ஒரே பள்ளமாய்க் கிடக்கோ?

கிளிநொச்சிக்காரி:
ஒரே பள்ளம் அண்ணா.

மாங்குளத்தான்:
அப்ப விசயம் அதுதான். கோடு கீழ மட்டும் அரிபடாது, பக்கவாட்டிலயும் அரிபடும். நெருங்கின கோடுகளுக்கு நடுவில நிண்ட மெழுகு கழண்டு, எல்லாம் ஒண்டாய்ப் போச்சு. அகலப் பள்ளத்தில மை தங்காது, துடைக்கேக்க துணியோட வந்திடும். சுவர் இருக்கிற ஓரத்தில மட்டும் மிஞ்சும். துத்தத்தண்ணி நாகத்தைச் சொரசொரப்பாய்த் தின்னிறபடியால்தான் சாம்பலாவது வருது.

லேசான வழி, அந்தப் பள்ளத்துக்குள்ள கூரான ஊசியால நேரடியாய்க் குறுக்கும் நெடுக்கும் கீறுங்கோ. பக்கத்தில எழும்புற உலோகப் பிசிர் மையைப் பிடிச்சு வெல்வெட் மாதிரிக் கறுப்புத் தரும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1647 இல செய்த, யான் சிக்ஸ் எண்டவற்ற படத்திலயும் அரிப்போட இந்த ஊசிக்கீறல் கலந்திருக்கு. ஆனால் நாகத்தில பிசிர் கெதியாய் அமுங்கிப்போம், கனக்கப் பிரதி எதிர்பாராதேங்கோ. நிண்டு பிடிக்கோணுமெண்டால் அக்குவாட்டின்ட்தான்: கண்குழியில ரோசின் எண்ட பிசின்தூள் தூவி, கீழால சூடுகாட்டி ஒட்டவைச்சு, மிச்ச முகத்துக்கு வார்னிஷ் பூசி மூடிப்போட்டுத் திரும்ப அரிக்கவேணும்.

ஒட்டுசுட்டான் தம்பி:
கன்னத்துக் கோட்டுக்குக் காரணம் தாளாய் இருக்கும் அக்கா. இப்ப அடிக்கிற கச்சான் காத்தில, நனைச்ச தாள் மை பூசித் துடைச்சு முடியமுன்னமே காய்ஞ்சிடும். காய்ஞ்ச தாள் மெல்லிய கோட்டுக்குள்ள இறங்காது. முதல்நாள் பின்னேரமே நனைச்சு, பொலித்தீனால சுத்திப் பாரம் வையுங்கோ. தகடு பிரஸ்ஸில ஏறினாப் பிறகு தாளை வெளிய எடுத்தால் காணும்.

கிளிநொச்சிக்காரி:
இண்டைக்கே தாள் நனைக்கிறன். ரோசின் எங்க எடுக்கலாம்?

மாங்குளத்தான்:
ஈயம் பத்தவைக்கிற ரேடியோக் கடையில கேளுங்கோ. கட்டியாய்த் தருவினம், இடிச்சு மெல்லிய துணியில முடிஞ்சு தட்டோணும். மாஸ்க் போடுங்கோ, நெருப்புக்குக் கிட்டத் தூவாதேங்கோ. பாவிச்ச துத்தத்தண்ணியைக் கிணத்தடியிலயும் வாய்க்காலிலயும் ஊத்தாதேங்கோ, அது குளத்து மீனுக்கு நஞ்சு.