சர்வேயர் போட்ட கணக்கும் இன்னொருவர் போட்ட கணக்கும்

காசிமேட்டிலிருந்து:

காரில் அடி வாங்கிய அனுபவம் இங்கே பலருக்கு இருக்கும். இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பும் சர்வேயர் போக, சொந்தக் காசில் தனியாக ஒருவரை வைத்துச் சேதத்தை மதிப்பிட்டவர்கள் யாராவது உண்டா? நான் செய்து பார்த்தேன். நடந்ததைச் சொல்கிறேன், உங்கள் கதையையும் எழுதுங்கள்.

ஐப்பசி மழை நேரம், இரவு ஒன்பதரை மணி இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வழக்கம்போல இடதுபுறம் வரிசை கட்டி நின்றன. நான் அந்த வரிசையை ஒட்டி ஊர்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று ஒரு டிரெய்லர் வரிசையை விட்டு வலப்பக்கம் ஒடித்தது. என் காரின் இடதுபக்கத்தை முன் ஃபெண்டரிலிருந்து பின் சக்கரம் வரை தேய்த்து, வண்டியை மீடியனில் கொண்டுபோய்ச் சாத்திவிட்டது. யாருக்கும் காயமில்லை. டிரெய்லர் நிற்கவே இல்லை, நம்பர் பிளேட் முழுக்கச் சேறு. மறுநாள் ஸ்டேஷனில் புகார் கொடுத்து, அதற்கான ரசீதான சி.எஸ்.ஆர். வாங்கிக்கொண்டு கிளெய்ம் போட்டேன்.

வண்டிக்கு ஐந்தரை வயது. வண்டியின் வயதுக்காகப் பாக விலையில் கழிக்காத ‘ஜீரோ டெப்’ எடுக்கவில்லை. ஷெட்டில் போட்ட எஸ்டிமேட் 1,62,000. சர்வேயர் வந்தார், போனில் இருபது படம் எடுத்தார், டீ கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். மொத்தம் பத்து நிமிடம். நாலு நாள் கழித்து வந்த கணக்கு 71,000.

எங்கே வெட்டினார் என்று பார்த்தால், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில் பட்டையை மாற்ற வேண்டாம், தட்டி நிமிர்த்தினால் போதும் என்று எழுதியிருந்தார். பின் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் குவார்ட்டர் பேனல் தகட்டுக்குப் ‘பழைய துரு’ என்று ஒரே வார்த்தை. முன் சக்கரத்தை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் லோயர் ஆர்முக்கு ‘தேய்மானம்’.

துரு விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கிற வண்டியில் துரு இல்லாமல் இருக்குமா? எங்கள் தெருவில் சைக்கிள் கேரியரே இரண்டு வருடம் தாங்காது. அதற்காக, டிரெய்லர் மடித்துப் போட்ட தகடும் உப்புக் காற்றில் தானாக மடிந்தது என்று சொன்னால் எப்படி?

ஷெட் மேஸ்திரிதான் பெரம்பூரில் ஒரு பெரியவர் இருக்கிறார் என்று சொன்னார். லைசென்ஸ் உள்ள சர்வேயர், பல வருடம் கம்பெனிகளுக்கே சர்வே பார்த்தவர், இப்போது கேட்பவர்களுக்குத் தனியாகப் பார்த்துக் கொடுக்கிறார். ஃபீஸ் 4,000. போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, “வண்டியைப் பிரிச்சிட்டாங்களா?” இன்னும் இல்லை என்றேன். “அப்ப நாளைக்கு வர்றேன். அதுவரைக்கும் ஒரு போல்ட்டைக்கூடக் கழட்ட வேண்டாம்னு சொல்லுங்க.”

தோள்பையோடு வந்தார். உள்ளே ஒரு டார்ச், அளவு டேப், காந்தம், பெயிண்ட் எவ்வளவு தடிமன் என்று காட்டும் சின்ன மீட்டர். ஸ்டியரிங்கை நேராக வைக்கச் சொன்னார். முன் சக்கரத்தின் நடுவிலிருந்து பின் சக்கரத்தின் நடுவரை முதலில் வலப்பக்கம் அளந்தார், பிறகு இடப்பக்கம். இடப்பக்கம் 14 மில்லிமீட்டர் குறைவு. டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்து மறுபடி அளக்க வைத்தார். அதே 14. “தேய்மானத்துல சக்கரம் பின்னால போகுமா தம்பி?” என்றார். அலைன்மென்ட் கடையில் ஒரு பிரின்ட் எடுத்துவரச் சொன்னார்.

அப்புறம் சில் பட்டை. மடிந்த இடத்தில் நகத்தால் பெயிண்டைச் செதில் செதிலாக உரித்தார். அடியில் தகடு சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது, அங்கங்கே மட்டும் இரண்டு வார மழைக்கு ஆரஞ்சு பூத்திருந்தது. “இது புது அடி.” பின் குவார்ட்டர் பேனலின் கீழ் விளிம்பில் அதே மாதிரி உரித்தார். செதிலோடு பழுப்புப் பொடி கொட்டியது. மீட்டரை வைத்தால் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு தடிமன், அதாவது முன்பு எப்போதோ பட்டி போட்ட இடம். காந்தமும் அங்கே ஒட்டவில்லை. “இது பழசு. இதுல சர்வேயர் சொன்னது சரி. இதுக்கு நான் எழுதித் தர மாட்டேன்.”

வண்டியை நான் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதில் பட்டி வேலை நடந்திருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்! அது தனி வயிற்றெரிச்சல்.

1,62,000 முழுதாக வரும் என்ற நினைப்பையும் அவரே கலைத்துவிட்டார். ஜீரோ டெப் இல்லாத பாலிசியில் ஐந்து வயது தாண்டிய வண்டிக்கு உலோகப் பாகங்களில் 40 சதவீதம் போகும். பம்பர் மாதிரி பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களுக்கு வயது என்னவாக இருந்தாலும் பாதி. கண்ணாடிக்கு வெட்டே இல்லை. பெயிண்டிங்கை ஒரே பில்லாகப் போட்டால் அதில் கால் பங்கை மெட்டீரியல் என்று வைத்து, அந்தக் கால் பங்கில் பாதியைக் கழிப்பார்கள். டிங்கரிங் கூலியில் கை வைக்க மாட்டார்கள். கடைசியில் கட்டாயப் பிடித்தம், 1,500 சிசி வரை 1,000 ரூபாய். இதெல்லாம் பாலிசித் தாளிலேயே அச்சாகி இருக்கிறது, நான்தான் படித்ததில்லை. எல்லாம் கழித்து அவர் போட்ட கணக்கு 1,12,000.

ஒன்பது பக்க அறிக்கை. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி சர்வேயர் எழுதியது ஒரு கட்டத்தில், இவர் எழுதியது அடுத்த கட்டத்தில், காரணம், படம். டேப்பை வைத்து அளந்த படமும் இருந்தது. இதை மெயிலில் அனுப்பி மறுஆய்வு கேட்டேன். பத்து நாள் பதிலே இல்லை. அப்புறம் வேறொரு அதிகாரி ஷெட்டுக்கு வந்து, அவரும் டேப் பிடித்தார். சில் பட்டை மாற்றவும் லோயர் ஆர்முக்கும் ஒத்துக்கொண்டார்கள். கையில் வந்தது 1,04,000. ஃபீஸ் போக 29,000 லாபம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

நண்பரே, உங்களுக்கு 33,000 வித்தியாசம் இருந்தது, செலவு செய்தீர்கள். நான் பின் பம்பரும் டிக்கிக் கதவும் நசுங்கியதற்கு ஒருவரைக் கூட்டிவந்து 3,000 கொடுத்தேன். அவர் அதிகமாகக் காட்டியது 1,800 ரூபாய். கம்பெனி அதையும் தரவில்லை. சின்ன அடிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஷெட்காரரே சர்வேயரிடம் பேசி முடித்துவிடுவார்.

இன்னொன்று, எனக்கு வந்தவர் லைசென்ஸ் உள்ளவரே இல்லை. பழைய வண்டிக்கு விலை சொல்கிற புரோக்கர், லெட்டர்பேடு மட்டும் வைத்திருந்தார். கம்பெனி எடுத்த எடுப்பில் கேட்டது, “இவர் யார்?”

வியாசர்பாடியிலிருந்து:

எனக்கு இது விபத்து இல்லை, வெள்ளம். ஆனால் சர்வேயர் கதை அதேதான் என்பதால் எழுதுகிறேன்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் நின்ற தண்ணீரை வீட்டு மாடியிலிருந்து இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். கார் தெருவில். தண்ணீர் வடிந்ததும் மைத்துனர் சாவியை எடுத்துக்கொண்டு, “ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா மாமா?” என்று கிளம்பினார். நல்லவேளை என் அம்மா திட்டி நிறுத்தினார். தண்ணீர் புகுந்த இன்ஜினை முடுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜினுக்கென்று தனியாக எடுக்கும் ‘இன்ஜின் புரொடெக்ட்’ இல்லாதவர்களுக்கு அந்தச் செலவைப் ‘பின்விளைவு’ என்று சொல்லிக் கழித்துவிடுவார்கள். அக்கம்பக்கத்தில் இரண்டு பேருக்கு அப்படித்தான் ஆனது.

என் வண்டியின் ஐ.டி.வி., அதாவது பாலிசியில் வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு, 4,20,000. பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு நஷ்டமாக எடுத்துக்கொள்ள வேண்டும், என் வண்டிக்கு அந்த வரம்பு 3,15,000. சர்வேயர் போட்டது 2,90,000. உள்ளே சேறு குடித்த வண்டியை எனக்கே திருப்பிக் கொடுக்கப் பார்த்தார்கள்.

நான் கூட்டிவந்தவர் முதலில் சீட் துணியைத்தான் பார்த்தார். சேறு காய்ந்து ஒரு கோடு விழுந்திருந்தது. அந்த உயரத்தைச் சாக்பீஸால் கதவின் உள்பக்கம், டேஷ்போர்டு, பின் சீட்டு என்று வண்டியைச் சுற்றி இழுத்தார். கோட்டுக்குக் கீழே என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டார். ஏர்பேக் மாட்யூல், இன்ஜின் கன்ட்ரோல் யூனிட், தரை விரிப்புக்கு அடியில் ஓடும் வயரிங் ஹார்னஸ். கம்பெனி கணக்கில் வயரிங்குக்கு ‘சுத்தம் செய்யவும்’ என்று இருந்தது. இவர் ஒரு கனெக்டரைப் பிரித்துக் காட்டினார், பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. கணக்கு 3,40,000-ஐத் தொட்டது. கொஞ்சம் இழுபறிக்குப் பிறகு முழு நஷ்டம் என்று ஒத்துக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டார்கள். பிடித்தம் போக 4,19,000.

வெள்ளத்தில் அடிபட்டவர்கள் அந்தச் சேற்றுக் கோட்டைத் துடைப்பதற்கு முன்னால் படம் எடுத்துவிடுங்கள். நான் எடுக்கவில்லை, பின் சீட்டுத் துணியைத் துவைக்கச் சோம்பல்பட்டதால்தான் தப்பித்தேன்.

திருவொற்றியூரிலிருந்து:

எனக்கு வேறு சிக்கல். என் பழைய காருக்கு தேர்ட் பார்ட்டி மட்டும்தான். காலடிப்பேட்டையில் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்ததைத் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வந்து இடித்தது. சொந்த வண்டியின் சேதத்துக்கான ஓன் டேமேஜ் இல்லாததால் எனக்காகச் சர்வேயர் அனுப்ப ஒருவருமில்லை. லாரியின் இன்சூரன்ஸ்தான் தர வேண்டும், அதற்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். எஃப்.ஐ.ஆர். வாங்கவே மூன்று நடை.

வக்கீல் சொன்னார், வெறும் ஷெட் பில்லை நீட்டினால் எதிர்த்தரப்பு “இதெல்லாம் பழைய பழுது” என்று ஒரு வரியில் முடித்துவிடும் என்று. அதனால் பழுது பார்ப்பதற்கு முன்பே லைசென்ஸ் சர்வேயரை வைத்து அறிக்கை வாங்கினோம். தேவைப்பட்டால் சாட்சி சொல்ல வருவீர்களா என்றும் முதலிலேயே கேட்டுக்கொண்டோம். வருவேன், அன்றைக்குத் தனி ஃபீஸ் என்றார். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, கார் மட்டும் ஓடுகிறது.

மாதவரத்திலிருந்து:

என் அண்ணன் அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கே பல பாலிசிகளில் இதற்கென்றே ஒரு ஷரத்து உண்டாம். தொகையில் தகராறு வந்தால் அவர் ஒரு மதிப்பீட்டாளர், கம்பெனி ஒரு மதிப்பீட்டாளர், இருவருக்கும் ஒத்துவராவிட்டால் நடுவர் ஒருவர். மூவரில் இருவர் ஒத்துக்கொண்ட தொகைதான் முடிவு. அடிபட்ட வண்டியின் விற்பனை விலை குறைந்துபோவதற்குக்கூட இடித்தவரின் கம்பெனியிடம் கேட்கலாம் என்கிறார். நமக்கும் அப்படிக் கிடைக்குமா?

காசிமேட்டிலிருந்து மறுபடியும்:

மாதவரம் நண்பருக்கு: விற்பனை விலைக் குறைவை நம் பாலிசியில் கேட்க முடியாது. பின்விளைவு நஷ்டமும் தேய்மானமும் கிடையாது என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். தனி மதிப்பீட்டைக் கம்பெனி ஏற்றே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஆனால் கம்பெனி சர்வேயர் எழுதியதும் வேதவாக்கு இல்லை. சர்வேயர் அறிக்கை கடைசி வார்த்தை அல்ல, அது கம்பெனியையோ பாலிசிதாரரையோ கட்டுப்படுத்தாது என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் நியூ இந்தியா அஷ்யூரன்ஸ் எதிர் பிரதீப் குமார் வழக்கில் சொல்லியிருக்கிறது. பெரியவர் இதைத் தன் அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அடித்துவைத்திருந்தார். மறுஆய்வு கிடைத்தது அந்த வரியாலா, 14 மில்லிமீட்டராலா என்று கேட்டால், நான் டேப் பக்கம்தான் நிற்பேன்.

கம்பெனி சர்வேயர் அறிக்கையின் நகலை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அது கையில் இல்லாமல் எதை மறுப்பீர்கள்? நான் முதலில் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு போனில் சண்டை போட்டு ஒரு வாரம் வீணாக்கினேன்.

கம்பெனி கடைசிவரை மசியாவிட்டால் தேனாம்பேட்டையில் இந்த மாதிரிப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதியிருக்க வேண்டும், அவர்கள் மறுத்த பிறகு ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையம் என்றால் நமக்குச் சென்னை வடக்கு மாவட்ட ஆணையம். எனக்கு இரண்டுக்கும் போக வேண்டிய நிலை வரவில்லை.

வண்ணாரப்பேட்டை நண்பர் சொன்னது சரிதான். பத்தாயிரம், பதினைந்தாயிரம் அடிக்கு நானும் ஆள் வைக்க மாட்டேன். வைப்பதென்றால் லைசென்ஸ் நம்பரை வாங்கி, மோட்டார் பிரிவில் இருக்கிறாரா, காலாவதி ஆகவில்லையா என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தளத்தில் பார்த்துவிட வேண்டும். ஷெட் மேஸ்திரியிடம் கமிஷன் வாங்குகிறவரா என்பதைத்தான் எந்தத் தளத்திலும் பார்க்க முடியாது. என் மேஸ்திரி முகம் பட்டி விஷயத்தில் சுருங்கியதைப் பார்த்துத்தான் எனக்கு அந்தச் சந்தேகம் போனது.

பெரியவர் நம்பர் வேண்டுமென்பவர்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். காலை பதினொரு மணிக்கு மேல் கூப்பிடுங்கள், அதற்கு முன்னால் எடுக்க மாட்டார். எடுத்ததும் வண்டியைப் பிரித்தாகிவிட்டதா என்றுதான் கேட்பார்.