புது ரெம் போட்டதிலிருந்து லப்டொப் திரை கறுப்பு

வணக்கம் அண்ணாமார், அக்காமார். கல்லடியிலிருந்து எழுதுகிறேன். என் பழைய லப்டொப்பில் 4 ஜிபி டிடிஆர்4 வகை ரெம் (நினைவகம்) ஒன்றுதான் இருந்தது. நேற்று டவுனில் 8 ஜிபி ஒன்று வாங்கி, காலியாக இருந்த ஸ்லொட்டில் நானே போட்டேன்.

இப்போது விசிறி சுற்றுகிறது, கெப்ஸ் லொக் லைற் மினுங்குகிறது, திரையில் ஒன்றுமே இல்லை. புதியதைக் கழற்றினால் பழையபடி வேலை செய்கிறது. புதியதை மட்டும் பழைய ஸ்லொட்டில் போட்டால் சில வேளை விண்டோஸ் வரும், பத்து நிமிடத்தில் நீலத்திரை காட்டி நின்றுவிடும். பற்றரியைக் கழற்றிவிட்டு பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பார்த்தேன். ரெம்மின் தங்க முனைகளை அழிறப்பரால் தேய்த்தும் பார்த்தேன் (கடற்காற்றுக்கு இங்கே எதுதான் துருப்பிடிக்காது). பலனில்லை.

பழையதன் வேகம் 2400, புதியதன் வேகம் 3200, இரண்டும் 1.2 வோல்ட். வேகம் வேறென்றால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும் என்றுதான் விளங்கி வைத்திருக்கிறேன். அதனால் என் சந்தேகம் புது ரெம் மேலேதான். கடைக்காரரோ, "மதர்போர்ட் பிழை தம்பி" என்கிறார்.

பயோஸ் (லப்டொப் தொடங்கும்போது முதலில் ஓடும் மென்பொருள்) அப்டேற் செய்தால் சரிவருமா? திருப்பிக் கொடுக்க இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது. பக்கத்தில் யாராவது ஒரு டிடிஆர்4 லப்டொப் ரெம்மைக் கொஞ்ச நேரம் சோதிக்கத் தந்தால் பெரிய உதவி. தேத்தண்ணி என் செலவு.