மானிட்டர் இல்லாம, ஆள் துணை இல்லாம ராஸ்பெரி பை செட்டப் பண்ண முடியுமா?

பெரம்பூர்வாசி:
வணக்கம். எனக்கு சுத்தமா பார்வை கிடையாது, லேப்டாப்ல என்விடிஏங்கற ஸ்க்ரீன் ரீடர் (ஸ்க்ரீன்ல இருக்கறத வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர்) வெச்சுதான் எல்லாமே. ரிச்சி ஸ்ட்ரீட் போய் ராஸ்பெரி பை 4ங்கற குட்டி போர்டு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வந்தேன், வீட்ல மானிட்டர் இல்ல, தம்பி வேலைக்குப் போயிட்டா ஸ்க்ரீன் பாத்து சொல்லவும் ஆள் கிடையாது. கடைல கேட்டா மொதல் தடவ டிவில மாட்டித்தான் ஆகணும்ங்கறாங்க. நானே பண்ண வழி இருக்கா? மெமரி கார்டு எந்தப் பக்கம் போகும்ங்கறதுலேந்து சொன்னீங்கன்னா நல்லாருக்கும்.

குரல்வழி:
தாராளமா பண்ணலாம் சார், எனக்கும் பார்வை இல்ல, டிவியே வேணாம். போர்ட எடுத்து யூஎஸ்பி ஓட்டை எல்லாம் வலது கை பக்கம் வர்ற மாதிரி, ஊசி ஊசியா இருக்கற 40 பின் வரிசை உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கற மாதிரி வெச்சுக்கோங்க. இப்ப உங்க பக்கத்து ஓரத்துல இடதுலேந்து தடவினா மொதல்ல பவர், அப்புறம் ரெண்டு சின்ன எச்டிஎம்ஐ, கடைசில ஹெட்போன் ஜாக். கார்டு ஸ்லாட் இடது ஓரத்துல போர்டுக்கு அடில இருக்கும், கார்டோட உலோக பின்னுங்க மேல பாத்து போகணும், டிக்னு சத்தம் வராது, சும்மா இறுக்கமா நிக்கும், அதனால போகலயோன்னு போட்டு அழுத்தாதீங்க.

கார்ட போடறதுக்கு முன்னாடி லேப்டாப்ல ராஸ்பெரி பை இமேஜர்ங்கற சாஃப்ட்வேர்ல கார்டுல ஓஎஸ் எழுதும்போதே ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்ல அந்த போர்டுக்கு நீங்க வெக்கற பேரு), யூசர்நேம், பாஸ்வேர்டு, வைஃபை எல்லாம் குடுத்து எஸ்எஸ்எச்ச (லேப்டாப்லேந்தே பைக்குள்ள போய் கமாண்ட் அடிக்கற வழி) ஆன் பண்ணிடுங்க. பழைய வீடியோல யூசர் பை, பாஸ்வேர்டு ராஸ்பெரின்னு சொல்வாங்க, 2022 ஏப்ரல்லயே அத எடுத்துட்டாங்க. பவர் குடுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டு, லேப்டாப்லேந்து ஹோஸ்ட்நேம் டாட் லோக்கல்னு பிங் பண்ணுங்க, அதாவது அந்தப் பக்கம் பதில் வருதான்னு பாக்கற கமாண்ட். ஆன் ஆச்சான்னு தெரிய எல்லாரும் போர்டுல இருக்கற பச்ச லைட்ட பாருன்னுதான் சொல்வாங்க, நமக்கு பிங்தான் அந்த லைட்டு. ஆஃப் பண்ணவும் அதேதான், சூடோ பவர்ஆஃப்ங்கற கமாண்ட அடிச்சு, பிங் நின்னு இன்னும் கொஞ்சம் பொறுத்து வயர எடுங்க, சட்டுனு புடுங்கினா கார்டு போயிடும்.

மைலாப்பூர் அக்கா:
ராஸ்பெரி பையே பேசணும்னா ஹெட்போன் ஜாக் இருக்கே, நீங்க 4 வாங்கினது நல்லதுதான், 5ல அது கிடையாது. இமேஜர்ல எதுவும் குடுக்காம டெஸ்க்டாப் ஓஎஸ் போட்டு கீபோர்டு மாட்டினா, ஸ்க்ரீன் ரீடர் வேணும்னா கன்ட்ரோல் ஆல்ட் ஸ்பேஸ் அழுத்துன்னு அதுவே குரல் குடுக்கும், ஆர்க்காங்கற ஸ்க்ரீன் ரீடர் வரும். யூசர்நேம் முன்கூட்டியே குடுத்துட்டா அந்தக் குரல் வராது, எஸ்எஸ்எச் வழியா ஆர்க்காவ இன்ஸ்டால் பண்ணிக்கணும். எழுத்த குரலாக்கற ஈஸ்பீக் என்ஜில தமிழ் குரலும் இருக்கு.

பெரம்பூர்வாசி:
கார்டு போட்டாச்சு, பிங்குக்கு பதில் வருது! ரொம்ப நன்றி. ஆனா எஸ்எஸ்எச்ல உள்ள போகப் பாத்தா, பாஸ்வேர்டு கேக்கற இடத்துல டைப் பண்ணா என்விடிஏ ஒண்ணுமே பேசல, எழுத்து விழுதா இல்லயான்னே தெரியல.

குரல்வழி:
அது விழும் சார். அந்த இடத்துல கண்ணு தெரிஞ்சவங்களுக்கும் ஸ்டார் கூட காட்டாது. முழுசா அடிச்சிட்டு என்டர் தட்டுங்க, உங்க யூசர்நேமும் ஹோஸ்ட்நேமும் சேத்து வாசிச்சா உள்ள போயிட்டீங்க.